டச் கடையில் கேட்டவை: அரிதான, விலை உயர்ந்த பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டச் பார்க்கும், அதாவது நகையில் நூற்றுக்கு எவ்வளவு தங்கம் என்று சோதிக்கும் கடை வைத்திருக்கிறேன். நகையை மெஷினுக்குள் வைத்து மூடினால், தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று சீட்டு வந்துவிடும். அந்தச் சீட்டு வருவதற்குள் கேட்கிற கேள்விகள்தான் இவை. 'உலகின் விலை உயர்ந்த பத்துப் பொருட்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்ற ஆரம்பித்த பிறகு, ஒரே கேள்விக்கு ஒரு நாளில் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன்.

ஏனுங்ணா, உலகத்துலயே விலை ஜாஸ்தி தங்கம்தானுங்களே?

இல்லை. பட்டியலில் தங்கம் ரொம்பக் கீழே வரும். வாட்ஸ்அப் பட்டியலில் முதலில் வருவது எதிர்ப்பொருள். ஒரு கிராம் எதிர் ஹைட்ரஜன் செய்ய 62.5 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று 1999-ல் நாசா ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்குதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அது விற்ற விலை இல்லை, செய்தால் ஆகும் செலவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்கூலி ஒரு கோடி ஆகும் என்று சொல்லிவிட்டால் அந்த நகை ஒரு கோடிக்கு விலை போய்விடுமா? வாங்க ஆள் வேண்டும். கீழே பல இடங்களில் இந்த வித்தியாசம் திரும்ப வரும்.

எதிர்ப்பொருள்னா என்னங்க, பேய் பிசாசு மாதிரியா?

பேய் இல்லை. நாம் பார்க்கிற பொருளின் துகள் ஒவ்வொன்றுக்கும் மின்னூட்டம் மாறிய ஒரு ஜோடி உண்டு. எலக்ட்ரானுக்கு ஜோடி பாசிட்ரான். இரண்டும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே மறைந்து ஒளியாகிவிடும். அதனால் டப்பாவில் போட்டு வைக்க முடியாது. டப்பாவே அதற்கு எதிரி. வெற்றிடத்தில் காந்தப் புலத்தால் தொங்கவிட்டுத்தான் வைக்கிறார்கள். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலை நடக்கிறது. மனிதர்கள் இதுவரை செய்த எதிர்ப்புரோட்டான் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது.

இன்னொரு பக்கம், பாசிட்ரான் நம் ஊரிலேயே தினமும் புழங்குகிறது. புற்றுநோய்க்கு பெட் ஸ்கேன் எடுக்கிறார்களே, அதில் முதல் எழுத்தே பாசிட்ரானுக்குத்தான். ஃப்ளூரின்-18 கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அது பாசிட்ரானை வெளியிடும். அந்தப் பாசிட்ரான் உடம்புக்குள் எலக்ட்ரானோடு மோதி வருகிற ஒளியை மெஷின் பிடிக்கும். அந்த மருந்து 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் சொன்ன நேரத்துக்கு வரச் சொல்லி அப்படி விரட்டுகிறார்கள். வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம்கூட சுமார் 75 நிமிஷத்துக்கு ஒரு பாசிட்ரான் விடும். மேட்டுப்பாளையம் நேந்திரன் லாரியில் எத்தனை போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்ப நெசமா காசு குடுத்து வாங்கறதுல எது ஒசத்தி?

நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விற்பனைகளில் உச்சம் ஒன்று இருக்கிறது. கால்பந்து வடிவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த கூண்டு, அதற்குள் ஒரே ஒரு நைட்ரஜன் அணு. 2015-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த ஒரு கம்பெனி இதில் 200 மைக்ரோகிராமை 22,000 பவுண்டுக்கு விற்றது. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டதில் ஒன்று. கிராமுக்கு மாற்றினால் 11 கோடி பவுண்டு. சிறிய அணுக் கடிகாரம் செய்ய உதவும் என்று வாங்கினார்கள்.

அதற்கு அடுத்து கலிஃபோர்னியம்-252. கிராம் 2.7 கோடி டாலர் என்று சொல்வார்கள். ஆனால் யாரும் கிராமில் வாங்குவதில்லை, மைக்ரோகிராமில்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலும் ரஷ்யாவின் திமித்ரோவ்கிராடிலும் உள்ள அணு உலைகளில் மட்டும் விற்பனைக்கு உண்டாக்குகிறார்கள், இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு கிராம்கூட வராது. இரண்டே முக்கால் வருஷத்துக்குள் பாதி கரைந்துவிடும். புது அணு உலையைப் பற்றவைக்கவும், எண்ணெய்க் கிணற்றில் பாறையைச் சோதிக்கவும் பயன்படுகிறது. அப்புறம் ஹைட்ரஜனில் கதிர் வீசும் வகையான டிரிட்டியம், கிராம் சுமார் 30,000 டாலர். இருட்டில் பேட்டரி இல்லாமல் ஒளிரும் சில கைக்கடிகார முள்ளில் இருப்பது அதுதான்.

அவுன்சு அவுன்சுங்கறாங்களே, அது எத்தன பவுனுங்க?

தங்கம், பிளாட்டினத்துக்குச் சொல்லும் அவுன்சு 31.1 கிராம். நம் பவுன் 8 கிராம். ஆக நாலு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. மளிகைச் சாமானுக்குச் சொல்லும் அவுன்சு வேறு, அது 28.35 கிராம். கல்லுக்குச் சொல்லும் கேரட் 0.2 கிராம். தங்கத்தின் கேரட் எடையே இல்லை, சுத்தத்தின் அளவு.

கொலுசுக்கு ரோடியம் பாலிஷ் போட்டுத் தாரோம்ங்கறாங்களே, பட்டியல்ல வர்ற அதே ரோடியமா?

அதேதான். கறுக்காது, வெள்ளையாக மின்னும், சுலபத்தில் கீறல் விழாது. அதனால் வெள்ளிக்கும் வெள்ளைத் தங்கத்துக்கும் மேலே முலாமாகப் போடுகிறார்கள். பூச்சு ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் சில நூறு ரூபாயில் முடிகிறது. ரெண்டு வருஷம் கட்டிய பிறகு தேய்ந்து, உள்ளே இருக்கிற நிறம் எட்டிப் பார்க்கும்.

இதன் விலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் தங்கம் ரொம்ப சாது. 2016-ல் அவுன்சு 700 டாலருக்கும் கீழே கிடந்தது. 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தாண்டியது, அன்றைய தங்கத்தைப் போல 15 மடங்குக்கு மேல். அப்புறம் மூன்றே வருஷத்தில் 5,000-க்கும் கீழே விழுந்தது. காரணம் காரின் புகைக் குழாய். பெட்ரோல் வண்டியின் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரில் ரோடியம் வேண்டும். உலகம் முழுக்க வருஷத்துக்கு 30 டன்னுக்குள்தான் தோண்டுகிறார்கள், பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். அதுவும் பிளாட்டினம் தோண்டும்போது கூட வருவது. விலை ஏறியது என்பதற்காக ரோடியத்தை மட்டும் தனியாக அதிகம் தோண்ட வழியில்லை. மாட்டுக்குத் தேவை என்று சோளத்தட்டு மட்டும் தனியாக விளையுமா?

பிளாட்டினம் தங்கத்த விட அபூர்வம்ங்கறாங்க. அப்பறம் ஏன் விலை கம்மி?

அபூர்வம் என்பது சரி. தங்கம் வருஷத்துக்குச் சுமார் 3,600 டன் தோண்டுகிறார்கள், பிளாட்டினம் 200 டன்கூட இல்லை. ஆனாலும் 2015-லிருந்து தங்கம்தான் விலை அதிகம். பிளாட்டினத்தை அதிகம் வாங்கியது டீசல் கார் கம்பெனிகள். 2015-ல் ஃபோக்ஸ்வேகன் புகைச் சோதனையில் ஏமாற்றியது வெளியே வந்ததும் ஐரோப்பாவில் டீசல் கார் மவுசு இறங்கியது, பிளாட்டினமும் கூடவே இறங்கியது. தங்கத்தை வாங்குவது ரிசர்வ் வங்கிகளும் நம் வீட்டுப் பெண்களும். அவர்கள் டீசலைப் பார்த்து வாங்குவதில்லை.

உலகத்துல இருக்கற தங்கம் எல்லாம் ஒண்ணா உருக்குனா எவ்வளவு இருக்கும்?

இதுவரை தோண்டியது 2 லட்சத்து 10 ஆயிரம் டன்னுக்கு மேல். ஒரே கட்டியாக வார்த்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 22 மீட்டர் சொச்சம். ஏழு மாடிக் கட்டடம் ஒன்று, அவ்வளவுதான். பலரும் இதை நம்புவதே இல்லை.

வைரம் எத்தன அபூர்வம்ங்க?

நல்ல பெரிய கல் அபூர்வம். 59.60 கேரட் உள்ள 'பிங்க் ஸ்டார்' என்ற இளஞ்சிவப்பு வைரம் 2017-ல் ஹாங்காங் ஏலத்தில் 7.12 கோடி டாலருக்குப் போனது. சாதா வெள்ளைக் கல் அபூர்வம் இல்லை. வருஷத்துக்குப் பத்து கோடி கேரட் அளவில் தோண்டுகிறார்கள். போதாததற்கு இப்போது ஆய்வகத்திலும் வளர்க்கிறார்கள். அதுவும் அசல் வைரம்தான், கண்ணாடி இல்லை. விலை மட்டும் வருஷா வருஷம் இறங்குகிறது. திரும்ப விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க காங்கயம் பக்கம் உழுகறப்ப கல்லு கெடைக்குதுங்ணா. இது ஏதாச்சும் போகுமா?

மாசத்துக்கு ஒருத்தராவது துண்டு முடிச்சில் கல்லோடு வருவார்கள். போன ஐப்பசியில் சிவன்மலைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து பழைய விபூதிப் பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். மழையில் கழுவிய கல்லாக ஏழெட்டு. நாலு வெறும் பளிங்கு. ஒன்று ஆறு பட்டையாக, பென்சில் முனை மாதிரி, லேசான நீலப்பச்சை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க விரிசல். பெரில் வகைக் கல் அது. என் மெஷின் உலோகத்துக்கானது, கல்லுக்குச் சீட்டுத் தராது. கல் பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினேன். விரிசல் இல்லாமல் இருந்திருந்தால் நல்ல விலை வந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் கோவித்துக்கொள்ளவில்லை. பேத்திக்கு விளையாடக் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பக்கத்து மண்ணுக்குப் பேர் பழசு. படியூரில் 1819-20 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நீலப்பச்சைப் பெரில் தோண்டி எடுத்தார். அதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்பே, சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணலில் கல்லைத் துளைத்து மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. அகழாய்வில் பெரில், நீலக்கல், பளிங்கு எல்லாம் அரைகுறை வேலையோடு கிடைத்திருக்கின்றன. சங்கப் பாட்டில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். ரோமாபுரிக் காசு நம் பக்கத்தில் குடம் குடமாக அகப்பட்டதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். மாணிக்கம், நீலம் இரண்டுக்கும் தாய்க் கனிமம் குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று சொல்வதே நம் சொல்லிலிருந்து போனதுதான்.

ஒரே பெரில்தான் குரோமியம் சேர்ந்தால் மரகதம், இரும்பு சேர்ந்தால் இந்த நீலப்பச்சை. நிறமும் தெளிவும்தான் விலை. இன்னொன்று, கொடுமணல் பக்கம் துளை போட்ட மணி கிடைத்தால் அது கல் விவகாரம் இல்லை. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும்.

எங்கூரு சித்தம்பூண்டிங்க. பூமிக்கடியில பிளாட்டினம் இருக்குதுன்னு அளந்துட்டுப் போனாங்க. காடு கோடிக்குப் போகுமா?

நாமக்கல் மாவட்டம், பரமத்திவேலூர் பக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே பிளாட்டினக் குடும்ப உலோகங்களைத் தேடியதும் கிடைத்ததும் உண்மை. ஆனால் 'இருக்கிறது' என்றால் கட்டி கட்டியாக இல்லை. உலகத்திலேயே பெரிய பிளாட்டினச் சுரங்கம் உள்ள தென்னாப்பிரிக்காவிலேயே ஒரு டன் பாறையை அரைத்தால் ஐந்து கிராம் அளவுக்குத்தான் வரும். அரைக்க, கரைக்க, பிரிக்க ஆகிற செலவைக் கழித்தால்தான் மீதி. சொந்தக் காடாக இருந்தாலும் சுரங்கக் குத்தகை இல்லாமல் தோண்டி விற்க முடியாது. இதைச் சொல்லி சென்ட் விலையை ஏற்றும் புரோக்கர் வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருக்கிறது. அங்குள்ள அனார்த்தோசைட் பாறையும் நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டுப் பகுதியின் பாறையும் ஏறக்குறைய ஒன்று. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறையைத்தான் அரைத்து அந்த மண்ணைச் செய்தார்கள். அப்படிச் செய்யும் முறைக்கு 2020-ல் காப்புரிமையும் வாங்கினார்கள்.

அப்ப அசல் நெலா மண்ணு என்ன விலைங்க?

சோவியத் நாட்டின் லூனா-16 கொண்டுவந்த மண்ணில் மூன்று பொடித் துணுக்குகள், எல்லாம் சேர்ந்து 0.2 கிராம். 2018-ல் சோதபீஸ் ஏலத்தில் 8,55,000 டாலருக்குப் போனது. சட்டப்படி தனியார் கையில் இருக்கும் நிலா மண் என்பதால் அந்த விலை. அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ. அதை அமெரிக்க அரசு தனியாருக்கு விற்பதில்லை.

செலவுக் கணக்கில் பார்த்தால் பென்னு என்ற சிறுகோளின் மண் அந்த விலையையும் தாண்டிவிடும். ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2023-ல் அதைக் கொண்டு வந்தது, எடை 121.6 கிராம். திட்டச் செலவு 100 கோடி டாலருக்கு மேல். வகுத்தால் கிராமுக்கு 80 லட்சம் டாலரைத் தாண்டும். முதல் கேள்வியில் சொன்னது இங்கேயும் பொருந்தும், இது விலை இல்லை, செலவு.

கோபுரக் கலசத்துல இரிடியம் இருக்குதாமுங்க? அரிசிய இழுக்குமாமே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்டவர்களில் அதிகம் பேர் காசை இழந்த பிறகு கேட்பதும் இதைத்தான். அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். பதில்: இல்லை, இழுக்காது.

பிளாட்டினக் குடும்ப உலோகமான இரிடியத்தை 1803-ல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். உருகுநிலை 2,446 டிகிரி. செம்பு 1,085 டிகிரியில் உருகும். நம் கோயில் கலசம் செய்த கன்னார் உலையில் இரிடியம் உருகவே உருகாது. செம்பில் செய்து தங்க முலாம் பூசி, உள்ளே வரகு முதலான தானியம் நிரப்புவார்கள். அவ்வளவுதான் கலசம். இடி விழுந்தால் செம்பு இரிடியமாகும் என்பதும் கதை. இடி உருக்கும், எரிக்கும், ஆனால் ஓர் உலோகத்தை இன்னோர் உலோகமாக்காது. அப்புறம் இரிடியம் காந்தமும் இல்லை. அரிசி நகர்ந்தால் ஒன்று அரிசிக்குள் இரும்புத் தூள் இருக்கிறது, இல்லையென்றால் பாத்திரத்துக்குள் காந்தம் இருக்கிறது. வீட்டு அரிசியை நீங்களே கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள், அன்றைக்குப் பார்த்து 'பவர் இறங்கிவிட்டது' என்பார்கள்.

ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் மஞ்சள் துணி சுற்றிய சொம்பு. மெஷினில் வைக்கக் கூடாது, கதிர் போய்விடும் என்றார்கள். சரி, தராசில் வைக்கலாமா என்றேன். அதற்குத் தடையில்லையாம். எடை 1,340 கிராம். ஒரு போசியில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டி முக்கிப் பார்த்தேன். எடை 156 கிராம் குறைந்தது. 1,340-ஐ 156-ஆல் வகுத்தால் 8.6. பித்தளைக்கும் செம்புக்கும் நடுவில் வரும். இரிடியமாக இருந்தால் 22.5 வர வேண்டும், அதாவது குறைவது 60 கிராம்தான். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர், தோட்டத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் அவர், அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'இத வீட்டுல காட்டோணும்' என்றார்.

இன்னொரு கணக்கு. 2023-ல் இரிடியம் அவுன்சு சுமார் 4,500 முதல் 5,000 டாலர். கிராமுக்கு 150 டாலர் சொச்சம். உங்களிடம் பத்து கிலோ அசல் இரிடியமே இருந்தாலும் அன்றைய கணக்கில் 13 கோடி ரூபாய் அளவுதான். அதை 'ஆயிரம் கோடிக்கு வெளிநாட்டுக்காரன் கேட்கிறான்' என்று ஒருவன் சொன்னால், அவன் இரிடியத்தின் விலையைப் பார்த்ததே இல்லை.

இரிடியத்துல கதிர் வீசும்னாங்களே, அது பொய்யா?

பாதி உண்மை. இயற்கை இரிடியம் கதிர் வீசாது. சில ஸ்பார்க் பிளக் முனையிலும் பழைய பேனா நிப்பு முனையிலும் இருப்பது அதுதான், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அணு உலையில் வைத்து உண்டாக்கும் இரிடியம்-192 வேறு. அது ஆபத்தானது. பாய்லர் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுக்கவும், புற்றுநோய்க் கட்டிக்குள் வைக்கவும் பயன்படுகிறது. 74 நாளில் பாதியாகிவிடும். அசலாக அது கையில் இருந்தால் மஞ்சள் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தவர் கை வெந்திருக்கும்.

பீகார்ல 50 கிராம் கலிஃபோர்னியம் புடிச்சாங்களே, 850 கோடின்னு?

2024 ஆகஸ்டில் வந்த செய்தி அது. மேலே சொன்ன உற்பத்தியைத் திரும்பப் பாருங்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு ஒரு கிராம் வராத பொருள், மோட்டார் சைக்கிளில் 50 கிராம் எப்படி வரும்? கலிஃபோர்னியம்-252 தானாகப் பிளந்து நியூட்ரானை வீசிக்கொண்டே இருக்கும் பொருள். 50 கிராம் பக்கத்தில் நின்றவர் ஸ்டேஷன்வரை வந்திருக்க மாட்டார்.

பழைய தையல் மெஷின்ல, டிவில சிவப்பு பாதரசம் இருக்குதாமே? எங்க வீட்ல ரெண்டு மெஷின் கெடக்குது.

அப்படி ஒரு பொருளே இல்லை. 2009-ல் சவுதியில் இதே வதந்தியால் பழைய சிங்கர் மெஷின்கள் தாறுமாறான விலைக்குப் போயின. திருப்பூரில் இன்னும் அலைகிறார்கள். எண்ணெய் போட்டுத் தைக்கக் கொடுத்தால் மெஷினுக்கு அதுவே நல்ல விலை.

எங்களுக்கு பனியன் கம்பெனிங்ணா. நூல்ல ஒசத்தி எது?

விக்குன்யா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் திரியும், ஒட்டகச் சாதிக் காட்டு விலங்கு. முடி 12, 13 மைக்ரான்தான். ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி வளைத்துப் பிடித்து, கத்தரித்து, திரும்ப விட்டுவிடுவார்கள். ஒன்றிடம் கிடைப்பது கால் கிலோ அளவு. 1960-களில் வேட்டையாடி அழிக்கப் பார்த்து, சட்டம் போட்டுக் காப்பாற்றிய பிறகு லட்சக் கணக்கில் பெருகியிருக்கிறது. பனியனுக்கு ஆகாது, கட்டுப்படியும் ஆகாது.

ரேர் எர்த்துன்னா ரொம்ப அபூர்வ மண்ணுங்களா? காந்தம் வரலைன்னு மோட்டார் கம்பெனில வேலை நின்னு போச்சே.

பெயர்தான் அரிய மண். அந்தக் கூட்டத்தில் சீரியம் பூமியின் மேலோட்டில் செம்பு அளவுக்கு இருக்கிறது. மணவாளக்குறிச்சி கடல் மணலில் நம்மிடமே உண்டு. கஷ்டம் பிரிப்பதில். 17 தனிமங்களில் பல ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளை மாதிரி. அமிலத்தில் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான தடவை அலசினால்தான் பிரியும், கழிவும் ஏராளம். அந்த வேலையைச் சீனா கையில் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டதும் இங்கே மின்வண்டி மோட்டார்க் காந்தத்துக்குத் திண்டாட்டம் வந்தது. விலை பெரிதில்லை, கிடைப்பதுதான் பிரச்சினை.

தங்கக் கட்டிக்குள்ள டங்ஸ்டன் வெச்சா உங்க மெஷின்ல தெரியுமா?

தெரியாது. இதை என் வியாபாரத்துக்கு விரோதமாகவே சொல்கிறேன். எக்ஸ்ரே மெஷின் பார்ப்பது மேல்தோலில் சில மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் கம்மி. கலசத்துக்குச் செய்த தண்ணீர்ச் சோதனையும் இங்கே ஏமாற்றும். தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் 19.25. நூறு கிராம் கட்டியை முக்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.01 மில்லி வரும். கடைத் தராசில் பிடிபடாது.

வழி இரண்டு. மீயொலிக் கருவி வைத்துப் பார்க்கலாம், டங்ஸ்டனில் ஒலி வேகமாகப் போகும். இல்லை, உருக்கிவிடலாம். தங்கம் 1,064 டிகிரியில் தண்ணீராகும், டங்ஸ்டன் 3,422 டிகிரிவரை அசையாது, உருக்கும் கிண்ணமான குகையில் தனியாக நிற்கும். நம் ஊர் லேத் பட்டறைகளில் பொருளைக் கடையும் முனைகள் டங்ஸ்டன் கார்பைடுதான். அந்த உலோகத்தின் குணம் தெரிந்த ஆள் இங்கே நிறைய. அதனால் கட்டி வந்தால் உருக்காமல் நான் சீட்டுத் தருவதில்லை.

எத்தனைக்கு அபூர்வமோ அத்தனைக்கு விலைதானுங்களே?

கியாத்துவைட் என்று ஒரு கனிமம். உலகத்தில் தெரிந்தது ஒரே ஒரு கல், 1.61 கேரட், மியான்மரின் மோகோக்கில் கிடைத்தது, இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு விலையே இல்லை. இரண்டாவது கல் இருந்தால்தானே சந்தை? கதிர் வீசும் ஃபிரான்சியம் என்ற தனிமம் இன்னும் மோசம், அதிலேயே அதிக நேரம் நிற்கிற வகை 22 நிமிஷத்தில் பாதி போய்விடும். வாங்கிப் பில் போடுவதற்குள் சரக்கு இருக்காது.

விலை விழுந்த கதையும் உண்டு. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையாக அலுமினியத்தை வைத்தார்கள், அன்று அது வெள்ளி விலை. 1886-ல் மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்தது. ஏற்காட்டுப் பாக்சைட்டை வைத்து மேட்டூரில் ஆலையே ஓடியது. இன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் போசி அலுமினியம். 1921-ல் அமெரிக்கப் பெண்கள் சந்தா சேர்த்து மேரி கியூரிக்கு ஒரு லட்சம் டாலரில் ஒரு கிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்தார்கள். இன்று ரேடியம் கிடைத்தால், பத்திரமாக ஒழிக்க நாம்தான் செலவு செய்ய வேண்டும்.

இதுல எதெல்லாம் அடகு வெக்க முடியுங்க?

ஒரு அம்மணி கேட்டது, எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. தங்கமும் வெள்ளியும்தான். வெள்ளிக்கும் கடன் தர ரிசர்வ் வங்கி 2025-ல் விதி போட்டது, 2026 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அதிலும் நகையும் நாணயமும் மட்டும்தான், கட்டிக்குக் கிடையாது. நாணயம் என்றால் தங்கம் 50 கிராம்வரை, வெள்ளி 500 கிராம்வரை. பிளாட்டினம், ரோடியம், வைரம், நிலா மண் எதற்கும் அந்த விதியில் இடமில்லை. தோடு வைரமாக இருந்தாலும் கல்லைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் எடை போடுவார்கள். அந்த அம்மணி தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கல்லை நீக்கி 5.2 கிராம், 91.4 டச்.